சக்கரம் காட்டிய வழி

பிரயாகை என்றதும் நம்மவர் நெஞ்சில் திரிவேணி சங்கமமே தோன்றும். இராமேசுவரத்து மணலை அங்கே கரைத்து, கங்கை நீர் கொண்டு திரும்புதல் நம் முன்னோர் மரபு. ஆயின், பின்னாளில் அலகாபாத் என வழங்கிய அந்நகர்க்கு விமானச் சரித்திரத்திலும் ஓர் இடம் உண்டு. 1911 பிப்ரவரி 18-இல் சுமார் 6,500 கடிதங்களுடன் யமுனையைக் கடந்து நைனிக்குப் பறந்த விமானமே உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சலாகும். அதே நகரினின்று 1935-இல் புறப்பட்ட மற்றொரு விமானமோ எங்கும் போய்ச் சேரவில்லை.

அதன் தலைவர் சர் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித். 1928-இல் அமெரிக்காவினின்று ஆஸ்திரேலியாவுக்குப் பசிபிக் மாகடலை முதன்முதலில் விமானத்தில் கடந்த குழுவின் தலைவர் இவரே. இங்கிலாந்து–ஆஸ்திரேலியா விரைவுச் சாதனையை முறியடிக்க வேண்டி, 1935 நவம்பர் 6-இல் ‘லேடி சதர்ன் கிராஸ்’ என்னும் விமானத்தில் துணைவர் பெதிபிரிட்ஜுடன் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார்.

இஃது அரசாங்க விமானமன்று, கம்பெனிச் சேவையுமன்று. ஒற்றை எஞ்சின், இருவரே அமரத்தக்க இடம். அக்காலத்துப் பயணிகள் விமானங்கள் கல்கத்தா, அக்யாப், ரங்கூன் என நின்று நின்று சென்றன. இவரோ ஏதென்ஸ், பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர் எனச் சில இடங்களிலேயே இறங்கத் திட்டமிட்டார். சிறு ஸ்டேஷன்களில் நில்லாத மெயில் வண்டி போன்றது அவ்வேற்பாடு. காலம் மிச்சமாகும், ஆனால் இடையில் கோளாறு நேரின் இன்ன இடத்தில் நேர்ந்தது என்று குறித்து வைப்பார் எவருமிலர்.

நவம்பர் 7-இல் அலகாபாத்தை விட்ட விமானம் இரவு முழுதும் பறந்து சிங்கப்பூர் சேர வேண்டும்; சேரவில்லை. அவ்வழியே தாமும் பறந்துகொண்டிருந்த மெல்ரோஸ் என்னும் இளைஞர், வங்கக் கடலின்மேல் அதனைக் கண்டதாகக் கூறினார். தம் பயணத்தை நிறுத்திவிட்டு அவர் தேடிய பெருந்தன்மை போற்றத்தக்கது. விமானப் படையினரும் தேடினர், பயனில்லை.

பதினெட்டு மாதங்கள் சென்றன. 1937-இல் பர்மாவின் தென்கிழக்குக் கரையையடுத்த ஆயே தீவருகே சக்கரத்துடன் கூடிய விமானக் கால் ஒன்று கிடைத்தது. டயரில் காற்று குறையாதிருந்தது. அது காணாமற்போன விமானத்தினதே என்று அதனைச் செய்த லாக்ஹீட் கம்பெனி உறுதி செய்தது. அதில் படிந்திருந்த கடற்பாசியை ஆராய்ந்தவர்கள், விமானம் அத்தீவுக்கு அருகிலேயே சுமார் 15 பாகம் ஆழத்தில் கிடக்கலாம் என்றனர்.

இனி, தேசப்படத்தை விரித்து நோக்குவோம். அலகாபாத்தையும் சிங்கப்பூரையும் நேர்க்கோட்டால் இணைத்தால், அக்கோடு வங்கக் கடலைக் குறுக்கே கடந்து அந்தமானை ஒட்டிச் செல்லும். ஆயே தீவோ அக்கோட்டிற்குக் கிழக்கே பல நூறு மைல் தள்ளியுள்ளது. நீரோட்டம் சக்கரத்தைக் கொணர்ந்திருக்கலாமே எனில், பாசி சொல்லும் சான்று அதற்கு மாறாக நிற்கிறது. ஆகவே அவர்கள் நேர்வழியை விடுத்து, பர்மாக் கரையைத் துணையாகக் கொண்டு பறந்தனர் என்று கொள்வதே பொருந்தும். விரைவை நாடியவரும் இருளில் கரையை நாடினர் போலும். இரு நாள் ஓய்வின்மை, இரவு, கடலினின்று எழும் குன்றுள்ள தீவு ஆகியவற்றைச் சேர்த்தெண்ணின், தாழப் பறந்த விமானம் அக்குன்றில் மோதியிருக்கலாம் என்னும் ஊகம் புறக்கணிக்கத்தக்கதன்று. எஞ்சின் கோளாறும் இயலக்கூடியதே. விமானம் கிடைத்ததாக 2009-இல் ஒரு செய்தி எழுந்தது, அது மெய்ப்பிக்கப்படவில்லை.

சிட்னி விமான நிலையம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. எனினும் பெயரினும் பெரிது, போனவர் எவ்விடத்தில் உறங்குகிறார் என்னும் செய்தி. இரு குடும்பங்களுக்கு அது கிட்டவேயில்லை. கிட்டியதெல்லாம் ஒரு சக்கரமே. வீட்டை விட்டு நெடுந்தூரம் வந்து வாழும் நமக்கு, ‘சுகமாய் வந்து சேர்ந்தேன்’ என்னும் ஒரு வரியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.