தி டாவ் பிளவு (2016)

எத்தீரியம் பிளாக்செயினில் 2016 ஏப்ரலில் தொடங்கிய தி டாவ் என்ற முதலீட்டு நிதியத்துக்கு மேலாளர் கிடையாது, நிரலே சட்டம். ஜூன் 17 அன்று ஒருவர் அதன் ஓட்டை வழியே சுமார் 36 லட்சம் ஈதர் நாணயங்களை எடுத்தார். எடுத்த பணத்தைக் கணக்கில் கழிக்கும் நிரல்வரி ஓடுமுன்பே, திரும்பத் திரும்பப் பணம் கேட்டது அவரது நிரல். நிரல் அனுமதித்தது திருட்டாகுமா? மானுடப்புல ஆய்வுகள் இதை நம்பிக்கை, வாக்குறுதி, நீதி பற்றிய பழங்கேள்வியாகவே வாசிக்கின்றன. அந்த வாசிப்பே சரியானது. விடையைத் தேடி மனிதர்கள்தான் வாரக்கணக்கில் வாதாடினார்கள். மாற்றவே முடியாதெனப்பட்ட பிளாக்செயின் பதிவேட்டை மாற்றி, ஜூலை 20 அன்று, 19,20,000ஆவது தொகுதியில், பணம் மீட்கப்பட்டது. அதை ஏற்காதவர்கள் பழைய சங்கிலியையே எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்தனர்.