பனியே பெய்யாத திருக்கனூரில் கூரைக்கு என்ன ஆபத்து? ஷீட் வீடு கட்டுறவங்க கவனத்துக்கு!

காஷ்மீர், இமாச்சலில் வீடு கட்டுறவங்களுக்குப் பெரிய கவலை, கூரை மேல குவியும் பனி. அதன் எடை கூரையைக் கீழே அமுக்கும். புதுச்சேரி மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருக்கனூருக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே ஆபத்து நேரெதிர்: புயல் காற்று கூரையை மேலே தூக்கும்.

விதி என்ன சொல்லுது?

கட்டடச் சுமைகளுக்கான இந்திய தரவிதி ஐ.எஸ். 875. இதில் 3-ம் பகுதி காற்றுக்கு, 4-ம் பகுதி பனிக்கு. புதுச்சேரி கடலோரத்துக்கான அடிப்படை காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானா அழுத்தம் நான்கு மடங்காகும். 90 கி.மீ. வேகத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 38 கிலோ, 180 கி.மீ.யில் சுமார் 150 கிலோ. தகர ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோதான். மேலே நாலு கல்லும் மணல் மூட்டையும் வச்சா போதாதுன்னு சொல்றது இதனாலதான்.

2011 டிசம்பர் 30-ல் கடலூர் - புதுச்சேரி இடையே கரை கடந்த தானே புயலின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கி.மீ.

என்ன செய்யணும்?

* ஓரம், மூலை, முகடு: காற்று அதிகம் இழுக்கும் இடங்கள் இவை. இங்கே போல்ட்டுகளை நெருக்கமா போடுங்க, வாஷரும் அவசியம்.
* ஷீட்டை சட்டத்தோடும், சட்டத்தை சுவரோடும் இறுக்கணும். ஒரு இடம் விட்டாலும் மொத்தமும் போகும்.
* சுவருக்கு வெளியே ஷீட்டை அதிகம் நீட்டாதீங்க.
* தாழ்வாரக் கூரையைத் தனியா போடுங்க. அது பிய்ந்தாலும் வீட்டுக் கூரை தப்பிக்கும்.
* புயல் நேரத்தில் கதவு, ஜன்னலைச் சாத்துங்க. உள்ளே புகும் காற்றும் கூரையைத் தள்ளும்.

மொட்டை மாடி வீடுன்னா?

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்போ, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல மழை கொட்டியது. ஒரு சென்டிமீட்டர் தண்ணி தேங்கினா சதுர மீட்டருக்கு 10 கிலோ. ஆள் புழங்கும் மாடிக்குக் கணக்கிடும் சுமை 150 கிலோ. வடிகால் குழாய் அடைச்சு 15 செ.மீ. தண்ணி நின்னா, அந்தக் கணக்கு அதோடு தீர்ந்துடும்.

அதனால அக்டோபருக்கு முன்னாடியே குழாயைச் சுத்தம் பண்ணுங்க, துருப்பிடிச்ச போல்ட்டை மாத்துங்க. புயல் எச்சரிக்கை வந்த பிறகு கூரை மேல ஏறவே ஏறாதீங்க.