ஓய்வுக்கால விசாவுக்கான வருமானச் சான்று

வேலை எதுவும் செய்யாமல், தன் பணத்திலேயே முதுமையைக் கழிக்க வரும் வெளிநாட்டவருக்குச் சில நாடுகள் தரும் தங்கும் அனுமதியே ஓய்வுக்கால விசா. வருபவர் உள்ளூர்க்காரரின் வேலைக்குப் போட்டியாக நிற்கக் கூடாது, அரசின் உதவித்தொகையையும் எதிர்பார்க்கக் கூடாது. இதை உறுதி செய்துகொள்ளவே குடியேற்றத் துறை வருமானச் சான்று கேட்கிறது. எவ்வளவு சொத்து இருக்கிறது என்பதைவிட, மாதந்தோறும் எங்கிருந்து பணம் வருகிறது என்பதே அங்கே முதல் கேள்வி.

இந்தியாவில் இப்படியொரு தனி விசா கிடையாது. ஆனாலும் தமிழகத்தில் மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, ஆரோவிலை ஒட்டிய பெரிய முதலியார்சாவடிப் பக்கம் வயதான வெளிநாட்டவர் பலரைப் பார்க்கலாம். அவர்களில் ஆரோவில்வாசிகள், ஆரோவில் அறக்கட்டளையின் பரிந்துரையின் பேரில் நுழைவு விசா பெற்றுத் தங்குபவர்கள். இந்திய வம்சாவளியினருக்கு ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை போதும்.

அண்டை நாடான இலங்கையில் ‘என் கனவு இல்லம்’ என்ற விசாத் திட்டம் 55 வயதைக் கடந்தவர்களுக்கானது. அங்குள்ள வங்கியில் 15,000 டாலர் வைப்பு வைத்து, மாதம் 1,500 டாலர் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். உடன் வரும் ஒவ்வொருவருக்கும் மாதம் 750 டாலர் கூடுதல். தாய்லாந்தில் 50 வயது போதும். மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம். அல்லது 8 லட்சம் பாட் வங்கியில் இருப்பாகக் காட்டலாம். இரண்டும் கலந்து ஆண்டுக்கு 8 லட்சம் வந்தாலும் சரி. முன்பெல்லாம் அங்கே அவரவர் நாட்டுத் தூதரகம் தரும் வருமானக் கடிதமே செல்லுபடியானது. ஓய்வூதியரின் வருமானம் உண்மைதானா என்று தங்களால் சரிபார்க்க முடியாது என்பதால், 2018 இறுதி முதல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவற்றின் தூதரகங்கள் அக்கடிதத்தை நிறுத்திவிட்டன. அதன்பின் அந்நாட்டினருக்கு வங்கிக் கணக்குதான் சாட்சி. மலேசியா 2021-இல் மாத வருமான வரம்பை 40,000 ரிங்கிட்டாக உயர்த்தி, கடும் எதிர்ப்புக்குப் பிறகு வைப்புத்தொகை அடிப்படையிலான வெள்ளி, தங்கம், பிளாட்டினம் நிலைகளுக்கு மாறியது.

தமிழகக் கரையோரத்திலிருந்து இத்தகைய விசாவுக்கு விண்ணப்பிக்க நினைப்பவரின் சிக்கல் பண அளவோடு முடிவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் கோடி ரூபாய் பெறும் தோப்பு வைத்திருப்பவர்கூட, மாத வருமானம் எது என்று கேட்டால் காகிதத்தில் காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்பார். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பலர் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்வதில்லை. கையில் வாங்கும் அறை வாடகைக்கும் தடயம் இருக்காது. தனியார் நிறுவனத்தில் உழைத்தவரின் இபிஎஃப் ஓய்வூதியமோ குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்ற அளவில் 2014 முதல் நிற்கிறது. அரசு ஓய்வூதியருக்குப் பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணை, பாஸ்புக், படிவம் 16 என்று வலுவான ஆவணங்கள் உண்டு. ஆனாலும் 65,000 பாட் என்பது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல்; பெரும்பாலோரின் ஓய்வூதியம் அதை எட்டாது. அவர்களுக்கு வைப்புத்தொகை வழிதான் நடைமுறையில் திறந்திருக்கிறது.

பெயர்க் குழப்பம் தமிழருக்கே உரிய தலைவலி. பிபிஓ-விலும் பாஸ்புக்கிலும் இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். இரு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதிச் சேர்த்துவிடுவது நல்லது. தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. 2005 முதல் இந்தியா வெளிநாட்டு ஆவணங்களை ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால், மற்ற உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை போதும். உறுப்பினரல்லாத நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும்.

பணத்தை அனுப்புவதிலும் வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டப்படி நிதியாண்டுக்கு ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், இத்தகைய தேவைக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீத வரியை முன்கூட்டியே வசூலிக்கிறது. வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம், மீதியைத் திரும்பப் பெறலாம்.

இத்தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறுபவை. ஏஜென்ட் சொன்னார் என்பதற்காக வைப்பை உடைத்துவிடாமல், அந்நாட்டுத் தூதரகத்தின் நடப்பு அறிவிப்பை முதலில் படித்துப் பாருங்கள்.