ஈடு வைத்த வீடும் இழந்த குடியும்

வீடென்பது சுவரும் கூரையும் மாத்திரமன்று. ஒரு குடும்பத்தின் பெயரும் மதிப்பும் அதனோடு பிணைந்து நிற்பன. ஆதலின், கடனுக்கு ஈடாக வைத்த வீடு ஏலத்திற் போய், அதிற் குடியிருந்தோர் வெளியேற நேருங்கால், பொருளிழப்பினும் மானவிழப்பே பெரிதாகத் தோன்றுகின்றது. இத்துன்பம் நம் நாட்டிற்குப் புதியதன்று. முன்னாளில் அது எவ்வாறு நேர்ந்தது, சட்டம் எவ்வளவு துணை நின்றது என்பவற்றை நம் குலத்தார் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இச்சிறு வியாசத்தை எழுதலானேன்.

1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60 ஆம் பிரிவு, ஈடு வைத்தவனுக்கு மீட்கும் உரிமையை வழங்கிற்று. இங்கிலாந்தின் தர்ம நியாய மன்றங்கள் நெடுங்காலமாகப் போற்றிவந்த கொள்கையே இதற்கு மூலம். ஒருமுறை ஈடாக வைத்தது என்றும் ஈடே. மீட்புரிமையை முற்றிலும் அறுக்கும்படி ஈட்டுப் பத்திரத்தில் எழுதிக்கொண்ட நிபந்தனை செல்லாது என்பது அதன் சாரம்.

1908 ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம் இவ்வுரிமைக்குப் படிகள் வகுத்தது. முதலில் பூர்வாங்க டிக்ரி. பணங்கட்டப் பொதுவாக ஆறு மாதத் தவணை. அதன்பின் இறுதி டிக்ரி. பிறகு தண்டோரா போட்டு ஏலம். ஏலம் முடிந்த பின்னரும், 30 நாளுக்குள் கடன் தொகையையும், ஏலமெடுத்தவனுக்கு விலையில் நூற்றுக்கு 5 வீதமும் கட்டினால் ஏலம் ரத்தாகும். இத்தவணை பிற்காலத்தில் 60 நாளாயிற்று. ஏலம் உறுதியான பின்னரே அமீனா வந்து வீட்டை ஒப்புவிப்பான். கடனும் செலவும் போக எஞ்சிய பணம் வீட்டுக்குடையவனையே சேரும். ஆகவே வீடு ஒரே நாளில் போவதன்று. ஒவ்வொரு படியிலும் ஒரு வாயில் திறந்திருந்தது.

எனினும் 1929 ஆம் ஆண்டிற் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் அவ்வாயில்களையெல்லாம் பயனற்றனவாக்கிற்று. சில ஆண்டுகளுக்குள் நெல்லின் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. பத்திரத்தில் எழுதிய முதலோ குறையவில்லை. வட்டியோ ஏறிக்கொண்டே போயிற்று. முன்பு ஒரு வண்டி நெல்லை விற்றுத் தீர்த்த தவணைக்கு இப்போது இரு வண்டி வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத்தின் கிராமக் கடன் சுமார் 150 கோடி ரூபாய் என 1930 இல் வங்கி விசாரணைக் குழுவினர் மதித்தனர். 1935 இல் சத்தியநாதன் அறிக்கை அதனைச் சுமார் 200 கோடியென மதித்தது. சோம்பலோ ஊதாரித்தனமோ இல்லாத குடிகளும் நிலமும் வீடும் இழந்தது இவ்வாறே. கடன்பட்டான் என்றவுடன் ஒருவனை இகழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1937 இல் பதவியேற்ற ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை, 1938 ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொணர்ந்தது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் முதல் தேதியில் நின்ற வட்டி பாக்கி நீங்கிற்று. முதலுக்கு இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியவன் கடன் முற்றும் தீர்ந்ததாயிற்று. 1937 அக்டோபர் முதல் தேதிக்குப்பின் ஏலம்போன சொத்தையும், சட்டம் அமலான 90 நாளுக்குள் மனுச்செய்து மீட்க வழி பிறந்தது.

இச்சட்டம் குறையற்றதென்று கூறுவதற்கில்லை. விளைநிலமின்றி நகரத்தில் வீடு மாத்திரம் உடையார் இதனாற் பயனடையவில்லை. கடன் கொடுத்தாருள்ளும் எளியோர் உண்டு. வேறு சொத்தில்லாப் பெண்டிருக்கு வரவேண்டிய சிறு கடன்களை இதனின்றும் விலக்கியமை அதனை உணர்ந்தே போலும்.

இக்காலத்தில் வங்கிகள், சர்பாசி எனப்படும் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கோர்ட்டில் வழக்கிடாமலே ஈட்டு வீட்டைக் கைக்கொள்ளலாம். ஆயினும் 60 நாள் அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். கடனாளி ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் விடையளித்தல் வேண்டும். வங்கி நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை நாடலாம். 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஏல விளம்பரம் வெளியாகுமுன்னரே கடனைத் தீர்த்து வீட்டை மீட்டல் வேண்டும். பழைய சட்டத்தைப்போல் ஏலத்திற்குப்பின் மீளலாம் என்று காத்திருத்தல் ஆகாது.

இவ்வரலாற்றால் விளங்குவது யாதெனில், அன்றும் இன்றும் சட்டம் தரும் துணையெல்லாம் நாள் எண்ணித் தரப்படுவதே. அறிவிப்பை வெட்கத்தால் பெட்டிக்குள் மறைப்பவன் அந்நாட்களையே இழக்கின்றான். ஆதலின் நம்மவருள் எவருக்கேனும் அறிவிப்பு வருமாயின், அன்றே மனைவி மக்களிடம் கூறுக; வக்கீலைக் காண்க; கடன் கணக்கை எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுக. மீட்க இயலாதென்று தெரிந்தால், ஏலத்திற்கு முன்னரே வங்கியின் இசைவுடன் நல்ல விலைக்கு விற்றுக் கடனைத் தீர்த்தல் மேல். ஏலம் போயிருப்பினும் மிச்சத்தொகையைக் கேட்டுப் பெறத் தவறற்க.

சங்கத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. வீடிழந்த குடும்பத்திற்கு வேண்டுவது அனுதாப வார்த்தையன்று. சில மாதம் தங்க ஓரிடம், பிள்ளைகளின் படிப்பு இடையறாதிருக்கச் சிறு பொருளுதவி, விசேஷங்களுக்கு முன்போலவே அழைப்பு ஆகிய இம்மூன்றுமே. வீடு போனமையால் ஒரு குடி அழிவதில்லை; சுற்றத்தார் முகந்திருப்பிக்கொண்டால் அழியும்.