மஞ்ச லைட்டும் பேப்பர் கிளிப்பும்

ஆணி ரொம்ப அதிகம் மக்கா, அதான் ரெண்டு வாரமா கடைப்பக்கம் வரமுடியலை. இன்னிக்குக் கொஞ்சம் வரலாறு. பயப்படாதீங்க, சோழர் பாண்டியர் எல்லாம் இல்லை. கார் டாஷ்போர்டுல இஞ்சின் படம் போட்டு ஒரு மஞ்ச லைட்டு எரியுமே, அதோட வரலாறு.

ஏன் திடீர்னு இதுன்னு கேட்டா, சொந்தக் கதைதான். பையன் பொறந்ததும் மூணு வருஷம் ஓடின ஒரு ஃபேமிலி கார் வாங்கினோம். கம்பெனிக்கு செகண்ட் ஹேண்ட், எங்களுக்குப் புத்தம் புதுசு. வாசம் பிடிச்சு வாசம் பிடிச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலைல பையனுக்குத் தடுப்பூசி போடக் கூட்டிட்டுப் போறப்ப, இங்க நியூ ஜெர்சி ஹைவேயில, அந்த லைட்டு எரிஞ்சது. தங்கமணி உடனே, "என்னங்க இது, தீ கீ பிடிக்கப் போகுதா?"ன்னாங்க. ஓரங்கட்டிப் பார்த்தா வண்டிக்கு ஒண்ணுமே இல்லை. புகை இல்லை, சத்தம் இல்லை, இழுவையும் குறையலை. லைட்டு மட்டும் முறைச்சுக்கிட்டே இருந்தது.

சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் போட்டேன். வண்டியைக் கொண்டு வாங்க, என்னன்னு பார்க்கவே நூத்தியம்பது டாலர், சரிபண்ற காசு தனின்னாங்க. என் பழைய ரூம்மேட்டு ஒருத்தன், "பேட்டரியைக் கழட்டிட்டு பத்து நிமிஷம் கழிச்சு மாட்டுடா, லைட்டு போயிடும்"னான். எனக்கு ஒரே யோசனை. என் கார்ல என்ன கோளாறுன்னு என் கார் கண்டுபிடிச்சு வச்சிருக்கு. அதை என்கிட்ட சொல்லாம படம் போட்டுக் காட்டுது. பொட்டி தட்டுறவன்கிட்ட எர்ரர் கோடைக் கொடுக்காம "ஏதோ தப்பு நடந்துபோச்சு"ன்னு மட்டும் சொன்னா எப்படி இருக்கும்?

இதைத் தோண்டப் போய்த்தான் கொசுவத்தி சுத்தி 1943-க்குப் போயிட்டேன்.

அந்த வருஷம் ஜூலையில லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துல பட்டப்பகல்ல ஒரு பழுப்புப் புகை மூட்டம். கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், தூரத்துல இருக்குறது தெரியலை. ரெண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டு இருந்த நேரம். ஜப்பான்காரன் விஷவாயுவை விட்டுட்டான்னே ஜனங்க பயந்தாங்க. அப்புறம் செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் தயாரிச்ச ஒரு தொழிற்சாலை மேல பழி விழுந்தது. அதை மூடிப் பார்த்தும் புகை போகலை.

உண்மையான குற்றவாளியைப் பிடிச்சது கால்டெக்ல வேலை பார்த்த ஆரி ஹாகன்-ஸ்மித்ங்கிற வேதியியல் பேராசிரியர். ஹாலந்துல பொறந்தவர். அதுவரைக்கும் மனுஷன் பண்ணிக்கிட்டு இருந்தது அன்னாசிப்பழத்துக்கு அந்த வாசனை எதனால வருதுங்கிற ஆராய்ச்சி! அதே வித்தையை ஊர்க் காத்துல காட்டினார். கார்ப் புகையில வர்ற எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயில்ல வெந்து ஓசோனா மாறுதுன்னு 1950-களின் தொடக்கத்துல நிரூபிச்சார். கார் கம்பெனிகள் லேசுல ஒத்துக்கலை. கலிஃபோர்னியா 1967-ல் காத்து வளத்துக்குன்னே தனி வாரியம் அமைக்க சட்டம் போட்டது. அதோட முதல் தலைவர் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம அன்னாசிப்பழ வாத்தியார்தான்.

அடுத்த கட்டம் இஞ்சினியருங்களோடது. 1975 மாடல்ல இருந்து அமெரிக்கக் கார்கள்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. அடுத்து வந்த மூணு விஷவாயுவையும் ஒண்ணா அடக்குற வகைக்கு ஒரு கண்டிஷன் இருந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சரியா 14.7 பங்கு காத்து போகணும். கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் அது ஒழுங்கா வேலை செய்யாது. பழைய கார்புரேட்டருக்கு அவ்வளவு துல்லியம் வராது. அதனால புகைக்குழாய்க்குள்ள ஆக்சிஜனை மோப்பம் பிடிக்க ஒரு சென்சாரும், அது சொல்றதைக் கேட்டு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு கம்ப்யூட்டரும் தேவைப்பட்டது. போஷ் கம்பெனியோட சென்சாரை மாட்டி 1976-ல் வோல்வோ முதல்ல கொண்டு வந்தது. 1981 மாடல்ல இருந்து ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட பெரும்பாலான கார்கள்ல கம்ப்யூட்டரை வச்சது. கார்ல கம்ப்யூட்டர் வந்தது வசதிக்காகன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது வந்ததே புகைக்காக.

இங்கதான் அரசாங்கத்துக்கு ஒரு தலைவலி. புதுசா இருக்குறப்ப எல்லா காரும் சோதனையில பாஸ் ஆகும். அஞ்சு வருஷம் கழிச்சு அந்த ஆக்சிஜன் சென்சார் செத்துப்போனா? வண்டி பாட்டுக்கு ஓடும். ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சாலும், ஓடுற வண்டிக்கு எதுக்குச் செலவுன்னு விட்டுடுவார். நானும் நீங்களும் அதைத்தான் செய்வோம். அதனால காரே தன்னைச் சோதிச்சுக்கிட்டு, தப்பு இருந்தா முதலாளி கண் முன்னாடி லைட்டைப் போட்டுக் காட்டணும்னு கலிஃபோர்னியா விதி போட்டது. 1988 மாடல்ல இருந்து அமல். ஆக, மஞ்ச லைட்டு நமக்கு நல்லது சொல்ற லைட்டு இல்லீங்க. ஊர்க் காத்து சார்பா நம்மளைப் போட்டுக் கொடுக்குற லைட்டு.

லைட்டுக்குப் பின்னாடி இருக்குற கோடைப் படிக்கிறது அந்தக் காலத்துல தனிக் கூத்து. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் கார்னா, ஸ்டீயரிங்குக்குக் கீழ 12 ஓட்டை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஆபீஸ்ல கிடக்குற பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, ஏ, பிங்கிற ரெண்டு ஓட்டையில சொருகணும். இஞ்சினை ஓடவிடாம சாவியை மட்டும் திருப்பணும். லைட்டு ஒருதடவை கண் சிமிட்டி, நிறுத்தி, ரெண்டு தடவை சிமிட்டும். அது 12. "நான் நல்லாத்தான் பேசுறேன், கேட்டுக்கோ"ன்னு அர்த்தம். மூணு தடவை அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வரும். 13-னா ஆக்சிஜன் சென்சார். 44-னா பெட்ரோல் கம்மி, 45-னா பெட்ரோல் ஜாஸ்தி. கிட்டத்தட்ட தந்தி ஆபீஸ் மாதிரி.

கிரைஸ்லர்ல பேப்பர் கிளிப்பே வேணாம். சாவியை அஞ்சு செகண்டுக்குள்ள திருப்பி, அணைச்சு, திருப்பி, அணைச்சு, திருப்பினா லைட்டு கோடைச் சிமிட்டும். ஃபோர்டுல முள்ளு வச்ச வோல்ட் மீட்டரை மாட்டி, முள்ளு எத்தனை தடவை ஆடுதுன்னு எண்ணணும். 1980-களின் கடைசியில வந்த ஹோண்டா சிவிக்ல, முன்சீட்டுல உட்கார்றவர் கால் வைக்கிற இடத்துல கார்ப்பெட்டைத் தூக்கிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியில மினுக்குற குட்டி லைட்டைக் குனிஞ்சு பார்க்கணும். வீட்டு வாசல்ல ஒரு குடும்பஸ்தர் பேப்பரும் பென்சிலுமா, கார்ப்பெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு "ஒண்ணு... ரெண்டு..."ன்னு எண்ணுறதை நினைச்சுப் பாருங்க :-)

சிரிப்பா இருந்தாலும் இதுல ஒரு வில்லங்கம் இருந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாக்கெட், ஒரு பாஷை, ஒரு கோடு அட்டவணை. தெருமுனை மெக்கானிக் எத்தனை பெட்டி வாங்குவார்? விட்டிருந்தா, அந்தந்த கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேற யாரும் காரைத் தொடமுடியாத நிலைமை வந்திருக்கும்.

அதைத் தடுத்தது 1990-ல் அமெரிக்காவுல திருத்தப்பட்ட சுத்தக் காத்துச் சட்டம். நான் இந்தப் பதிவை எழுதக் காரணமே இதுல வர்ற ஒரு ஷரத்துதான். கார்ல கோளாறு படிக்கிற சாக்கெட் ஒரே மாதிரி இருக்கணும். அதைப் படிக்க ரகசியக் குறியீடோ, கம்பெனிகிட்ட மட்டுமே கிடைக்கிற கருவியோ தேவைப்படக்கூடாது. இதைச் சட்டமாவே எழுதிட்டாங்க! லைட்டைப் போட்டு நம்மளைக் காட்டிக்கொடுத்த அதே கையால, பூட்டோட சாவியையும் நம்ம கையில கொடுத்துட்டாங்க. 1996 மாடல்ல இருந்து அங்க விக்கிற எல்லா காருக்கும் 16 பின் சாக்கெட், ஓபிடி-2ன்னு பேரு. ஸ்டீயரிங்குல இருந்து ரெண்டு அடி தூரத்துக்குள்ள, ஸ்பேனர் எடுக்காம எட்டுற இடத்துல இருக்கணும். கோடும் பொது. பி 0420-ன்னா எந்த கம்பெனி கார்லயும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைன்னுதான் அர்த்தம்.

சாக்கெட் ஒண்ணானாலும் உள்ள பேசுற பாஷையில கம்பெனிகள் கொஞ்ச காலம் தகராறு பண்ணாங்க. ஃபோர்டுக்கு ஒண்ணு, ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒண்ணு, ஐரோப்பாக்காரங்களுக்கு இன்னொண்ணு. 2008 மாடல்லதான் எல்லாரும் கேன்ங்கிற ஒரே பாஷைக்கு வந்தாங்க. இடைப்பட்ட காலத்துல மொழிபெயர்ப்பாளரா வந்தது ஒரு கனடா கம்பெனி போட்ட ஈஎல்எம் 327ங்கிற சிப். முதல் வெர்ஷன்ல காப்பி அடிக்கிறதைத் தடுக்கிற பூட்டைப் போடாம விட்டுட்டாங்க. அப்புறம் என்ன, போலிகள் உலகம் பூரா பத்து, பன்னெண்டு டாலருக்குக் கிடைக்க ஆரம்பிச்சது. அசல் கம்பெனி 2022-ல் கடையைச் சாத்திடுச்சு. வருத்தமான விஷயம். என் வீட்டு டிராயர்ல கிடந்ததும் அப்படி ஒரு போலிதான், ஹிஹி.

அதைச் சாக்கெட்டுல சொருகி, ஃபோன்ல புளூடூத் டெர்மினல் ஆப்பைத் திறந்தேன். அப்பா காலத்து டயல்-அப் மோடத்துக்குக் கொடுக்குற மாதிரியே கட்டளைகள். 03-ன்னு தட்டினேன், "மனசுல இருக்குற கோளாறைச் சொல்லு"ன்னு அர்த்தம். கார் பதில் சொன்னது: 43 01 04 55. 43-ன்னா 03-க்கான பதில். 01-ன்னா ஒரே ஒரு கோளாறு. மிச்சம் பி 0455. பெட்ரோல் ஆவி போற வழியில பெரிய ஓட்டை.

இறங்கிப் போய்ப் பார்த்தா, பெட்ரோல் டேங்க் மூடி சரியாத் திருகாம தொத்திக்கிட்டு இருந்தது. அவ்ளோதான் மேட்டர்! இந்த மாநிலத்துல 1949-ல் போட்ட சட்டப்படி பங்க்ல நாமளே பெட்ரோல் போட்டுக்கக் கூடாது, பங்க் ஊழியர்தான் போடணும். வியாழக்கிழமை நல்ல மழை. அவர் அவசரத்துல அரைகுறையா மூடியிருக்கார்.

வியாழக்கிழமை நடந்ததுக்கு சனிக்கிழமை ஏன் லைட்டுன்னு கேட்பீங்க. அங்கதான் விதியோட சூட்சுமம். டேங்க்ல ஆவி கசியுதான்னு கார் நினைச்ச நேரத்துல எல்லாம் பார்க்காது. வண்டி ராத்திரி பூரா நின்னு ஆறியிருக்கணும், டேங்க் ரொம்பக் காலியாவோ ரொம்ப நிறைஞ்சோ இருக்கக் கூடாது. ஒருதடவை தப்பு தெரிஞ்சா மனசுல குறிச்சுக்கும், அடுத்த சோதனையிலயும் தெரிஞ்சாத்தான் லைட்டைப் போடும். அரை மில்லிமீட்டர் ஓட்டையைக் கூடக் கண்டுபிடிக்கிற அளவுக்கு 2000-த்துல இருந்து கலிஃபோர்னியா விதியை இறுக்கிட்டாங்க. மூடி முழுசா தொங்கினா கேட்கவே வேணாம்.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்குக் கோபம். தொங்குற மூடிக்கும் ஆயிரக்கணக்கான டாலர் தின்கிற கன்வெர்ட்டருக்கும் ஒரே லைட்டு! மூடிக்குன்னு தனியா எழுத்துல காட்ட விதியில இடம் இருக்கு, சில கம்பெனிகள் செய்யவும் செய்யுது. என் கார் செய்யலை.

மூடியை டிக் டிக்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகினேன். கோடை அழிக்கலை. ரூம்மேட் சொன்ன பேட்டரி வைத்தியத்துல லைட்டு அணையும், ஆனா கார் அதுவரைக்கும் செஞ்சு வச்ச சுயசோதனை எல்லாம் அழிஞ்சு பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். அந்த நிலையில இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க. சோதனை தொடர்ந்து மூணு பயணம் பாஸ் ஆனா லைட்டு தானா அணையும்னு விதி. அடுத்த வியாழக்கிழமை அணைஞ்சது. நூத்தியம்பது டாலர் மிச்சம். தங்கமணி அதுக்கு ஏற்கனவே ஒரு பட்ஜெட் போட்டுட்டாங்க, அது வேற கதை.

நம்ம ஊர்லயும் 2013 ஏப்ரல்ல இருந்து பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமாச்சு. அதே 16 பின், அதே கோடு. கோயம்புத்தூர்ல அப்பா வண்டியிலயும் இந்த டப்பா வேலை செய்யும்.

சண்டை இன்னும் முடியலை. 1990 சட்டம் பேசினது புகை சம்பந்தப்பட்ட கோளாறை மட்டும். பிரேக், ஏர்பேக், ஏசி எல்லாம் அதுல வராது. மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012-ல் "எங்க காரை நாங்க விரும்புற இடத்துல ரிப்பேர் பண்ண விடு"ன்னு ஓட்டெடுப்பு நடந்தது. 86 சதவீதம் பேர் ஆமான்னாங்க. அதுக்குள்ள கார்கள் சாக்கெட்டே இல்லாம, சிம் கார்டு வழியா கம்பெனிக்கு நேராத் தகவல் அனுப்ப ஆரம்பிச்சிடுச்சு. அதையும் சேர்க்கச் சொல்லி 2020-ல் மறுபடி ஓட்டு, மறுபடி ஜனங்க ஜெயிச்சாங்க. அந்த மாசமே கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க.

டிஸ்கி: லைட்டு விடாம எரிஞ்சா முதல்ல டேங்க் மூடியைப் பாருங்க. விட்டு விட்டு மினுக்கினா அது வேற பாஷை, இஞ்சின்ல பெட்ரோல் சரியா எரியாம கன்வெர்ட்டரைப் பொசுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அப்ப என் பதிவைத் தேடாம ஓரங்கட்டி நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. பேப்பர் கிளிப் காலத்து ஆளுங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல கதையைச் சொல்லிட்டுப் போங்க.