கறை கையிலா, நெஞ்சிலா?

விருந்தினனாக வந்த வேந்தனை, வயது முதிர்ந்தவனை, உறங்கும்போது குத்திக் கொன்ற கொடியவன் யார் என்று கேட்டால், ஆங்கில நாடகம் அறிந்தோர் அனைவரும் மாக்பெத் என்றே கூறுவர். அரியணை ஆசை ஒரு மாவீரனை எவ்வாறு கொலைகாரனாக்கிற்று, அக்கொலை அவன் உறக்கத்தை எவ்வாறு பறித்தது என்பதைக் காட்டும் அவல நாடகத்தை, 1606-ஆம் ஆண்டையொட்டி ஷேக்ஸ்பியர் தீட்டினார். ஆனால் நாடகத்து மாக்பெத் வேறு. நாட்டை ஆண்ட மாக்பெத் வேறு!

வரலாறு கூறுவதென்ன? அந்நாளைய ஸ்காட்லாந்தில், தந்தைக்குப் பின் தனயன் என்ற முறை வேரூன்றவில்லை. அரச குடியின் கிளைகளில் வலிமை மிக்கவன் பட்டமேறுவதே வழக்கமாக இருந்தது. 1040-இல் டங்கன் மன்னன், மாக்பெத்தின் ஆளுகையிலிருந்த மோரே நாட்டின்மீது படையெடுத்துச் சென்று, எல்ஜின் நகருக்கு அருகே மடிந்தான். அவன் முதியவன் அல்லன், இளைஞன். மடிந்த இடம் பஞ்சணை அன்று, போர்க்களம். அதன்பின் 17 ஆண்டுகள் மாக்பெத் அரசோச்சினான். 1050-இல் ரோமாபுரிக்குச் சென்று ஏழைகளுக்குப் பொருளை வாரி இறைத்தான் என்று அக்காலத்து ஏடு குறித்து வைத்திருக்கிறது. நாளும் நடுங்கிக் கிடந்த கொடுங்கோலன், நாட்டை விட்டு அத்தனை தொலைவு செல்லத் துணிவானா? 1057-இல் டங்கனின் மகன் மால்கமின் படை, லும்பனன் என்னுமிடத்தில் அவன் வாழ்வை முடித்தது.

வென்றவன் வழியினர் ஆண்டனர். எழுதுகோலும் அவர்கள் பக்கமே சாய்ந்தது. 1527-இல் ஹெக்டர் போயிஸ் எழுதிய வரலாற்றில், அதுவரை எவரும் அறிந்திராத பாங்க்வோ என்றொரு பெருமகன் தோன்றினான். 1577-இல் வெளிவந்த ஹாலின்ஷெட்டின் நூலில், அந்த பாங்க்வோ கொலைக்கு உடந்தையாகவே காட்டப்பட்டான். ஆனால் 1603-இல் இங்கிலாந்தின் முடியைச் சூடிய ஜேம்ஸ் மன்னன், பாங்க்வோவின் வழித்தோன்றல் என்று போற்றப்பட்டவன்! ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவும் அதே ஆண்டில் அரசனின் குழுவாயிற்று. படியளக்கும் மன்னனின் மூதாதையைக் கொலைக்காரனின் கூட்டாளியாக மேடையேற்ற முடியுமா? பாங்க்வோ தூயவனானான், பழி முழுவதும் மாக்பெத்தின் தலையில் விழுந்தது.

அந்த ஜேம்ஸ் எத்தகையவன்? அரசன் ஆண்டவனுக்கன்றி வேறெவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன் என்று 1598-இல் நூல் எழுதியவன். அதற்கு முந்திய ஆண்டு, பேய்க்கலை பற்றியும் நூல் எழுதியவன். 1590-இல் டென்மார்க்கிலிருந்து மணமகளுடன் திரும்பியபோது கடலில் புயல் வீசிற்று. சூனியக்காரிகளின் வேலை என்றனர்! ஆக்னஸ் சாம்ப்சன் என்னும் மருத்துவச்சியை மன்னனே விசாரித்தான். சித்திரவதையால் வாக்குமூலம் பெறப்பட்டது. 1591-இல் அவள் கொல்லப்பட்டாள். மேடையிலே மூன்று சூனியக்காரிகள் கூத்தாடினர். மேடைக்கு வெளியே ஏழைப் பெண்கள் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டனர்!

அப்படியானால் ஷேக்ஸ்பியர் மன்னனின் மூடநம்பிக்கைக்கு முரசு கொட்டினாரா? கதையின் போக்கைக் கூர்ந்து நோக்குவோம். சூனியக்காரிகளின் வாக்கைக் கேட்டவர் ஒருவரல்லர், இருவர். மாக்பெத் கேட்டான், கட்டாரியைத் தேடினான். பாங்க்வோவும் கேட்டான், அவன் மன்னனைக் கொல்லவில்லை. வாக்கு இருவருக்கும் பொது; கொலை ஒருவனுக்கே உரியது. எனவே அந்தக் கையை உயர்த்தியது விதியன்று, பேயன்று, அவனுடைய பேராசையே!

கொலைக்குப் பின் நேர்வதும் அத்தகையதே. வானத்திலிருந்து இடி விழுந்து அவனைத் தண்டிக்கவில்லை. உறக்கம் போயிற்று. விருந்து மண்டபத்தில், பிறர் கண்ணுக்குத் தெரியாத பாங்க்வோவின் உருவம் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. சிறிது நீர் போதும், கறை கழுவப்பட்டுவிடும் என்று துணிவு கூறிய மனைவியோ, பின்னர் உறக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத குருதிக் கறையைத் தேய்த்துத் தேய்த்து மாய்ந்தாள். அவளைக் கண்ட மருத்துவன் மருந்தில்லை என்று கைவிரித்தான். கழுவாய்ச் சடங்கால் போகக்கூடிய கறையா அது? கறை கையில் இல்லையே, நெஞ்சிலன்றோ இருந்தது!

காலம் தன் தீர்ப்பை வழங்கிற்று. ஆண்டவன் அளித்த உரிமை என்று முழங்கிய ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸ், 1649-இல் மக்கள் மன்றம் அமைத்த நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டுத் தலையிழந்தான். சூனியத்துக்குக் கொலைத்தண்டனை விதித்த சட்டம் 1735-இல் நீக்கப்பட்டது. முடியும் போயிற்று, முடிமன்னன் வளர்த்த மூடத்தனமும் சட்டநூலிலிருந்து போயிற்று. நாடகம் மட்டும் நிலைத்து நிற்கிறது.

அரண்மனைக்காக எழுதப்பட்ட அந்தக் கதையிலே மாக்பெத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியை நாம் மறத்தல் ஆகாது. எனினும், செய்த தீமைக்கு விதியைச் சாட்சிக்கு அழைப்போரை நோக்கி, செய்தவன் நீயே என்று அந்நாடகம் சுட்டிக் காட்டுகிறது. அந்தச் சுட்டுவிரலுக்காகவே அதனை நாம் படிக்கிறோம், படிக்கச் சொல்கிறோம்.