வேலைப் பொழுதும் மன ஒருமையும்

திண்டிவனத்தினின்று மரக்காணத்திற்குச் செல்லும் பெருவழியிலே பெருமுக்கல் என்னும் மலையூர் உளது. மலைமேற் சிவாலயமும், சோழர் காலத்துக் கல்வெட்டுக்களும், இடிந்த கோட்டைச் சுவர்களும் உள்ளன. ஆங்கிலேயர் ஏடுகளிற் ‘பெர்மாகோயில்’ எனப் பெயர் திரிந்த இக்கோட்டையை ஐர் கூட் என்னும் தளபதி 1760-ஆம் ஆண்டில் கைப்பற்றியதும், பின்னர் ஐதரலியின் படை இதனை முற்றுகையிட்டதும் சரித்திரம் கற்றார் அறிவர். யாம் இத்திங்கள் எழுதப் புகுந்தது அப்போர்களைப் பற்றியன்று. கோட்டை பிடித்தார் பெயர் ஏட்டில் நின்றது. இதற்குக் கிழக்கே கடற்கரையில் வைகறைதோறும் உப்பளத்தில் இறங்கியவர் பெயர் எவ்வேட்டிலும் ஏறவில்லை. அவர்தம் வேலைப் பொழுதைத் தொடங்கிடமாகக் கொண்டு, உழைப்பின் பொழுதை மக்கள் எவ்வாறு அளந்தனர், அவ்வளவு எவ்வாறு மாறியது என்பதனைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி இப்போது வேண்டப்படுவது ஏனெனின், நம் சங்கத்துக் குடும்பங்களில் இரண்டு குறைகள் அடிக்கடி கேட்கப்படுகின்றன. “நாள் முழுதும் வேலை செய்தும் காரியம் முடிவதில்லை, மனம் ஒருவழிப்படுவதில்லை” என்பது சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்க்கும் இளைஞர் கூறுவது. “இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சிரத்தையே இல்லை, கைப்பேசியை வைத்துக்கொண்டு பொழுதைப் போக்குகின்றனர்” என்பது கடையும் பட்டறையும் வைத்திருக்கும் பெரியோர் கூறுவது. இரண்டாவது குறை புதியதன்று. நூறாண்டுகட்கு முன்னர் இதே குற்றம் நம் நாட்டுத் தொழிலாளர் அனைவர்மீதும் சாட்டப்பட்டு, அதன்மேல் ஒரு பெரிய விசாரணையும் நடந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகக் கொண்டு, பத்துப் பத்து நாழிகையாக மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என ஆறு சிறுபொழுதாக வகுத்தனர். பத்து நாழிகை என்பது இக்காலத்து நான்கு மணி நேரம். இலக்கண நூலார் நெய்தல் நிலத்திற்கு எற்பாட்டையும் மருதத்திற்கு வைகறையையும் உரிமையாக்கினர். ஆயின், நெய்தல் நிலத்து உப்பளத்தார்க்கு உரிய பொழுதோ வைகறையே ஆகும். புலவர் கண்டது கடற்கரையில் தலைவனை எதிர்நோக்கி வருந்தும் தலைவியின் பொழுது. உப்பு வாருவோர் கண்டது கூலி கொடுக்கும் பொழுது. இரண்டும் வேறாயிருத்தலில் வியப்பில்லை.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என அறிஞர் சிலர் கொள்வர். அந்நூலின் தலைவனாகிய நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் நிற்கின்றது. சங்க நூல்கள் உமணரைப் பலவிடத்துக் கூறும். வழியில் அச்சு முறியுமோ என அஞ்சி, வண்டியின் கீழ்ச் சேம அச்சொன்று கட்டிச் சென்ற அவ்வணிகரின் முன்னறிவை அக்காலப் புலவரே கண்டு வியந்திருக்கின்றனர்.

உப்பு விளையும் முறையை அறியாதார் அதன் வேலைப் பொழுதை அறிய மாட்டார். கடல்நீரில் நூறு பங்குக்கு மூன்றரைப் பங்களவே உப்புக்கள் உள. அந்நீரையேனும் நிலத்தடி உவர்நீரையேனும் அகன்ற நீர்த்தேக்கங்களிற் பாய்ச்சி, வெயிலிலும் காற்றிலும் வற்றச் செய்து, படிப்படியாகச் சிறு பாத்திகளுக்கு இறக்குவர். நீரின் செறிவை அளக்கும் போமே அளவையிற் கடல்நீர் 3 பாகை என்றால், உப்புப் படியத் தொடங்குவது ஏறக்குறைய 25 பாகையில். அதற்கு முன்னரே சுண்ணச் சத்துக்கள் கீழே தங்கிவிடும். 29 பாகையைக் கடந்தபின் எஞ்சும் நீர் கசப்பு நீர். அதனை வடித்து அகற்றாவிடின், உப்பிலே மக்னீசியம் சேர்ந்து கசந்து நீர்கோத்துக் கெடும். கருவி இல்லாத காலத்தும் நீரின் நிறத்தையும் விரலிடை நெய்ப்பையும் கொண்டே இவ்வெல்லைகளைத் தேர்ந்தோர் இருந்தனர். முந்தினால் உப்பில்லை, பிந்தினால் நல்லுப்பில்லை. இதனினும் கூர்ந்த கவனத்தை வேண்டும் தொழில்கள் சிலவே.

பாத்தியிற் படிந்த உப்பை நீண்ட கழியிற் பொருத்திய பலகையால் வாரி வரப்பில் ஏற்றுவர். பின் மகளிர் கூடைகளிற் சுமந்து மேட்டில் அம்பாரமாகக் குவிப்பர். வெண்மையான உப்பினின்றும் நீரினின்றும் எதிரொளிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். நிழல் தர ஒரு மரமும் அவண் நில்லாது. ஆதலின் வைகறையிலேயே இறங்கி, வெயில் ஏறுமுன் வாரும் வேலையை முடித்தல் வழக்கம். அதன்பின் வேலை செய்வது ஞாயிறு. இவ்வாறு மனிதர்க்கு ஒரு பொழுதும் கதிரவனுக்கு ஒரு பொழுதுமாகப் பங்கிட்டுக் கொண்ட தொழிலில், “மனம் ஒன்றவில்லை” என்ற பேச்சு எழுதற்கு இடமே இல்லை. எல்லை குறுகியதாகவும், முடிவு கண்முன்னே குவிவதாகவும் இருந்தமையின் மனம் தானே ஒன்றியது என்பது எம் கருத்து.

1805-ஆம் ஆண்டிற் சென்னைத் துரைத்தனத்தார் உப்பைத் தம் ஏகபோகமாக்கினர். விளைவித்தோர், கரிசைக்கு இவ்வளவு என்று வரையறுத்த குடிவாரத்தைப் பெற்றுக்கொண்டு உப்பு முழுவதையும் சர்க்காருக்கே அளக்க வேண்டியதாயிற்று. கரிசை என்பது 120 மணங்கு. காவற்காரர் வந்தனர், கணக்கர் வந்தனர், அளக்கும் நாளும் கிடங்கு மூடும் நாளும் அதிகாரிகள் வகுத்தனர். எனினும் பாத்தியில் உப்புப் படியும் வேளையை மாற்ற எந்த அதிகாரியாலும் இயலவில்லை. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877, 1878-ஆம் ஆண்டுகளில், பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்து வெட்டுவித்த கால்வாய் மரக்காணத்தைச் சென்னையோடு இணைத்தது. அக்கால ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. உப்பும் விறகும் ஓடங்களில் வடக்கே சென்றன. உப்பு வரி நீங்கியது 1947 ஏப்பிரல் 1-இல்.

அக்கால்வாய் சென்று சேர்ந்த சென்னையிலே, பெரம்பூர்ப் பக்கத்தில், அதே பெயர் தாங்கிய ஆலையொன்றும் எழுந்தது. பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரட்டை ஆலைகளை அறியாதார் யார்? அங்கே பொழுதை அளந்தது ஞாயிறன்று, ஆலைச் சங்கு. நீராவி எந்திரத்துக்கு வைகறையும் நண்பகலும் ஒன்றே. கரி உள்ளளவும் அது ஓடும்; அதனோடு மனிதரும் ஓடவேண்டும். 1881-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட முதல் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக் குழந்தையும் வேலை செய்யலாம், ஆயின் ஒன்பது மணிக்கு மேற்படலாகாது என்றது! வளர்ந்தோர்க்கு எல்லையே கூறவில்லை. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் மகளிர்க்குப் பதினொரு மணி என்றும், நடுப்பகலில் அரை மணி ஓய்வு என்றும், வாரம் ஒருநாள் விடுமுறை என்றும் வகுத்தது. ஆடவர்க்கு அப்போதும் எல்லையில்லை. பின்னர் ஆலைகளில் மின்விளக்கு ஏற்றப்பட்டதும் இரவும் பகலாயிற்று. பம்பாயில் நாளொன்றுக்குப் பதினான்கு மணிக்கு மேலும் ஆலைகள் ஓடிய காலமுண்டு.

இதனைப் பற்றி முறையீடுகள் பெருகவே, 1907-ஆம் ஆண்டில் மாரிசன் என்பார் தலைமையில் ஒரு கமிஷன் ஏற்பட்டது. யாம் முன்னர்க் குறித்த விசாரணை இதுவே. 1908-இல் அது தன் அறிக்கையை வெளியிட்டது. இந்தியத் தொழிலாளி தொடர்ந்து ஊன்றி வேலை செய்யும் இயல்பினனல்லன். ஆலைக்குள்ளேயே உலாவுவான், புகை குடிப்பான், குளிப்பான், உண்பான். நீண்ட பொழுதிலே தன் வேலையைப் பரப்பிக்கொண்டு மெல்லச் செய்வதே அவன் விருப்பம். ஆதலின் மணிக்கணக்கை மட்டும் நோக்கி அவன் வருந்துகின்றான் எனக் கொள்ளலாகாது என்பது முதலாளிமார் பலர் கூறிய சாட்சியத்தின் சாரம். கமிஷன் உறுப்பினருட் பெரும்பான்மையோரும் அக்கருத்தையே தழுவி, வளர்ந்த ஆடவரின் நேரத்தைச் சட்டத்தால் நேரே வரையறுக்க வேண்டுவதில்லை என்றனர்.

உடன்படாதவர் ஒருவர் இருந்தார். அவர் சென்னை டாக்டர் டி. எம். நாயர். எடின்பரோவில் வைத்தியம் கற்றவர். 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். அவர் தம் மறுப்புரையைத் தனியே எழுதிச் சேர்த்தார். அவர் வாதம் எளிது. தொழிலாளி உலாவுகின்றான் என்பது மெய். ஆயின் அவன் உலாவுவதால் நீண்ட நேரம் வேண்டியதாயிற்று என்பது பிழை. நீண்ட நேரம் நிறுத்தி வைத்தமையின் அவன் உலாவுகின்றான் என்பதே சரி. உடல் தாங்கும் எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்டவன், சட்டம் தராத ஓய்வைத் தானே எடுத்துக்கொள்கின்றான். காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் மயங்குதல் தருக்க நூலார் கடிந்த குற்றமன்றோ! வைத்தியர் ஒருவர் அதனைக் கண்டுபிடித்தார். ஆலை நடத்துவோர்க்கு அது தோன்றாமற் போயிற்று. முடிவில் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆடவர்க்குப் பன்னிரண்டு மணி என எல்லை வகுத்தது. அது மிகுதியே எனினும், எல்லை என்ற ஒன்று அன்றுதான் பிறந்தது.

நாயர் கூறியதற்கு மேல்நாட்டிற் செய்து கண்ட சான்றும் உண்டு. செர்மனியில் எனா நகரத்திலே கண்ணாடி வில்லைகளுக்குப் பேர்போன சைஸ் தொழிற்சாலையை நடத்திய எர்ன்ஸ்ட் ஆபே என்னும் பௌதிக அறிஞர், 1900-ஆம் ஆண்டில் வேலை நேரத்தை ஒன்பது மணியினின்று எட்டு மணியாகக் குறைத்தார். குறைத்துவிட்டு, 233 தொழிலாளரின் முன்னாண்டு வேலையையும் பின்னாண்டு வேலையையும் கணக்கிட்டு ஒப்பிட்டார். மணியொன்றுக்கு வேலை ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு பங்கு மிகுந்திருந்தது. நேரம் குறைந்தும் நாளொன்றின் மொத்த விளைவு சிறிது கூடியே இருந்தது. இதனைப் படித்தபோது எமக்கு எம் வகுப்பறையே நினைவிற்கு வந்தது. பிற்பகல் இறுதி வேளையில் இலக்கணம் நடத்துவார் படும் பாடு ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. அதே நூற்பாவைக் காலை முதல் வேளையிற் கூறினால் அதே பிள்ளைகள் கண்ணிமையாது கேட்பர்.

பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் முதற் குறைகளுள் ஒன்றும் பொழுதைப் பற்றியதே. நடுப்பகல் உணவுக்கு விட்ட அரைமணி, கை கழுவி உண்டு மீள்வதற்குப் போதவில்லை. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் தொழிலாளரைத் திரட்ட, வாடியா அவர்கள் தலைமையேற்க, திரு. வி. க. துணைநிற்க, 1918 ஏப்பிரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. மறுவருடம் வாஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. இந்தியாவுக்கு மட்டும் வாரம் 60 மணி என விலக்களித்தது. டாக்டர் நாயர் அம்மாநாடு கூடுமுன்னரே, 1919 சூலையில், இலண்டனில் காலமாயினார். 1922-இல் 60 மணி, 1934-இல் 54 மணி எனக் குறைந்து, 1946-இல் 48 மணியாயிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதனையே நிலைநிறுத்தி, ஐந்து மணிக்கு மேல் ஓய்வின்றி ஒருவரையும் வேலை வாங்கலாகாது என்றும் விதித்தது.

1923 மே 1-இல் ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதன்முறை. சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்பிரலில், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வேலைக்கு இடந்தரும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எதிர்ப்பு மிகவே, அது திரும்பப் பெறப்பட்டதாக மே 1-ஆம் நாளே அறிவிக்கப்பட்டது. இடையே 2021-இல், கடைகளில் நின்றே வேலை செய்வோர்க்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழகத்தில் ஒரு சட்டத் திருத்தமும் வந்தது. நம் சங்கத்தாருட் கடை வைத்திருப்போர் பலர். அவர்தம் கடைகளில் அவ்விருக்கை இடப்பட்டுளதா என்று பார்த்துக்கொள்ளுதல் நலம். இட்டும் அதில் அமர விடாதாரையும் யாம் கேள்வியுற்றோம்.

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். அது கவனத்தைச் சிதைக்கும் கருவி என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் இக்காலத்து அலுவலகங்களில் மேலதிகாரியின் கட்டளையும் அக்கருவி வழியே இரவு பத்து மணிக்கும் வருகின்றது. ஆலையில் மின்விளக்கு செய்ததைக் கைப்பேசி வீட்டுக்குள் வந்து செய்கின்றது. முடியாத பொழுதில் நிற்பவன் மனம் உலாவத்தான் செய்யும். அன்று புகைக்குழலோடு உலாவினான், இன்று கைப்பேசியோடு உலாவுகின்றான்.

மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கர்க்கு மேற்பட்ட உப்பளங்கள் உள. தை மாதத்தை ஒட்டித் தொடங்கும் வேலை ஐப்பசி மழையோடு நிற்கும். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ. 5000 உதவித்தொகை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. வேலைப் பொழுதோ இன்றும் வைகறையில்தான் தொடங்குகின்றது. ஆயின், சுமப்பதும் மூட்டை பிடிப்பதும் வெயில் ஏறியபின்னும் நீளுகின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்து ஆராய்ச்சியாளர் தமிழகத்து உப்பளங்களிற் செய்த ஆய்வில், தொழிலாளருட் பெரும்பாலோர் உடல் தாங்கத்தக்க அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதும், சிலருக்குச் சிறுநீரகம் செயல் குன்றியிருப்பதும் தெரியவந்தன. பரந்த அளத்திலே மறைவிடம் இன்மையின், மகளிர் பலர் வேலை முடியுமளவும் தண்ணீரே பருகாதிருக்கின்றனர். நம்மவருள் அளம் குத்தகை எடுத்தோர் உளராயின், வரும் தை மாதத்தில் நீர் பாய்ச்சுமுன் அளத்தின் மேட்டில் ஒரு பந்தலும், ஒரு குடிநீர்த் தொட்டியும், மகளிர்க்கு ஒரு கழிப்பறையும் எழுப்புதற்கு என்ன செலவாகும் எனக் கணக்கிட்டுச் சங்கத்துக்கு எழுதுமாறு வேண்டுகின்றோம்.